பேர் மாறாத வண்டி

சென்னையில் நான் வாங்கிய மோட்டார் சைக்கிள் முதல் சில மாதங்கள் இரண்டு நாடுகளில் ஓடியது. என்னைப் பொறுத்தவரை அது மந்தைவெளிக்கும் கிண்டிக்கும் இடையில் ஓடியது. அதை எனக்கு விற்ற மயிலாப்பூர் மாமியைப் பொறுத்தவரை கப்பலேறிப் போய் மலேசியாவில் ஓடியது. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கம் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைகள் நிறைய. பீங்கானில் செய்த கை அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுத்தால் கையுறை. அந்தப் பீங்கான் கைகளைச் செய்ய எங்கள் நிறுவனம் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையைப் பிடித்திருந்தது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு கையாகத் தட்டிப் பார்த்து, விரிசல் இருப்பதைத் தள்ளி வைப்பது என் வேலை. பட்டறை முழுக்க வெள்ளைக் கைகள் விரல் விரித்தபடி மேலே பார்த்து நிற்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் பாதி நாளை நான் அப்படி அரைத்தூக்கத்தில்தான் கழித்தேன் என்று நினைக்கிறேன்.

மந்தைவெளியில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தேன். அங்கிருந்து கிண்டிக்கு ஆட்டோ. தினமும் காலையில் ஒரு சண்டை, மாலையில் ஒரு சண்டை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், போகத்தான் நேரமாகும். எங்கள் ஊரில் ‘கப்சாய்’ என்று ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் உண்டு. மீன் வாங்கவும், கோவிலுக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் எல்லாவற்றுக்கும் அதுதான். மீசை முளைக்காத பையன் முதல் பாட்டிமார் வரை ஓட்டுவார்கள். அப்படி வளர்ந்தவள் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை! லஸ் பக்கத்துச் சந்தில் ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னதும், குளித்த தலையை உலர்த்தக்கூட நேரமில்லாமல் ஓடினேன்.

பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி. கிழிந்த வேட்டியைப் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வேட்டியை விலக்கிய மாமிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முகத்தில் மஞ்சள், கையில் மொபைல்.

“வண்டி யாருக்கு? உங்காத்துக்காரருக்கா?”

“எனக்குத்தான் மாமி. ஆத்துக்காரர் இன்னும் அமையலை.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார். “இவரோட வண்டி. இனிமே ஓட்டப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். விக்கறச்சே பார்க்க முடியாதுன்னு, கையெழுத்தைப் போட்டுட்டு தி.நகர்ல தங்கை ஆத்துக்குப் போய் உக்காந்துண்டிருக்கார்” என்றார். பிறகு, “நீங்க எந்த ஊர்?” என்று கேட்டார்.

“மலேசியா.”

“மலேசியாவா? அப்போ வண்டியை அங்கேயே எடுத்துண்டு போயிடுவேளோன்னோ?”

மாமி கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வெளிநாட்டுக்காரி என்றால் இந்த ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. “ஆமா மாமி. கப்பல்ல ஏத்திட வேண்டியதுதான்” என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து, சிரிப்பு வராமல் எப்படி இவ்வளவு அழகாகக் கேலி செய்கிறார் என்று வியந்துகொண்டேன். அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் சாவி தரவில்லை. மறுநாள் போனபோது, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே சாவி. வீட்டுப் பெண்ணை வழியனுப்புவது போலத் தந்தார்.

சில வாரங்கள் கழித்து மாமி போன் செய்தார். “வண்டி நல்லபடியாப் போய்ச் சேர்ந்துதா? ஓடறதா?”

“ஜம்முனு ஓடுது மாமி” என்றேன். இந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

உண்மையில் அது ஜம்மென்று ஓடவில்லை, என்னைத்தான் ஓட்டியது. பழைய ரகம் என்பதால் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எனக்கு வாழ்நாள் முழுக்க நேர்மாறாகப் பழக்கம். மந்தைவெளி மார்க்கெட் முனையில் நிறுத்துவதற்குப் பதிலாகக் கியரை மாற்றிவிட்டு, ஒரு கீரைக் கூடைக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றேன். கீரைக்காரம்மா என் ஏழு தலைமுறையையும் நாலு வார்த்தையில் முடித்துவைத்தார். கிக்கரை உதைப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு சின்ன லீவரை இழுத்துப் பிடித்து, மீட்டரில் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல அமுக்கி, விட்டுவிட்டு, அப்புறம் உடம்பு முழுவதையும் ஏற்றி உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுக்காலில் திருப்பி அடிக்கும். கோபக்காரிக்கு நல்ல பாடம். கோபத்தோடு உதைத்தால் ஒருநாளும் கிளம்பாது.

ஆனால் கிளம்பிவிட்டால் அது வேறு உலகம். விடியற்காலையில் அடையாறு பாலத்தின் மேல் போகும்போது ஆறு எது, கடல் எது, வானம் எது என்று தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த டும் டும் டும் சத்தம் தொடை வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாலம் முடியவே கூடாது என்று இருக்கும். பலநாள் கிண்டி வந்து சேர்ந்த பிறகு எப்படி வந்தேன் என்று யோசித்தால் வழி நினைவுக்கு வராது, சத்தம் மட்டும் நினைவில் இருக்கும்.

பேர் மாற்றுவது மட்டும் இழுத்துக்கொண்டே போனது. என்னிடம் விசா இருந்தால் வாடகை ஒப்பந்தம் சரியில்லை, ஒப்பந்தம் சரியானால் விசா புதுப்பிக்கும் காலம். ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் “அடுத்த வாரம் பாக்கலாம் மேடம்” என்பார். நானும் விட்டுவிட்டேன். ஆக, வண்டி மாமியின் கணவர் பேரில் இருந்தது, மாமியின் மொபைல் நம்பரோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. மார்க்கெட் பக்கத்துக் கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினால், வண்டிப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும், ஒல்லி. சூடான என்ஜின் ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் வருமே, அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அங்கிள் வேணும்?” என்றேன், கொஞ்சம் கடுகடுப்பாகவே.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இது மலேசியாவுக்குன்னா போயிருக்கணும்?”

“யார் சொன்னது?”

“எங்காத்துல சொன்னா. கப்பல்ல ஏத்தியாச்சு, அங்கே ஜம்முனு ஓடறதுன்னு.”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மாமி கேலி செய்யவில்லை. வெளிநாட்டுக்காரி வாங்குகிற பொருள் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்று உண்மையிலேயே நம்பித்தான், வந்த மற்றவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லிவிட்டு எனக்கு விற்றிருக்கிறார். காரணத்தை அந்தப் பெரியவரே சொன்னார். நிற்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்து, லஸ் முனையில் வண்டியோடு விழுந்திருக்கிறார். பின்னால் வந்த பஸ் எப்படியோ நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் சாவியைத் தேடியிருக்கிறார். வண்டி ஊரில் இருக்கிறவரை மனுஷன் அடங்க மாட்டார் என்று மாமி முடிவு செய்ததில் என்ன தப்பு?

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார்.

“ஆத்துல சொல்லிடாதேம்மா. இப்போதான் அவ நிம்மதியாத் தூங்கறா.”

“சொல்லலை மாமா.”

“ஒண்ணு கேட்கட்டுமா? உங்க ஊர்ல ரோடெல்லாம் எப்படி இருக்கும்? ரெண்டு பக்கமும் என்ன மரம்?”

“செம்பனை. பாமாயில் மரம். வரிசை வரிசையா இருக்கும்.”

“அடடா. நான் தென்னைன்னு நெனைச்சுண்டுன்னா ஓட்டிண்டிருக்கேன்!”

படுக்கையில் படுத்துக்கொண்டு இத்தனை மாதமும் அவர் இந்த வண்டியை மலேசியாவில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல அகலமான ரோடு, ஓரத்தில் தென்னை, எதிரில் யாரும் வராத ரோடு. அதைச் சொல்லும்போது அவர் கண் ஜொலித்தது. எனக்கு என்ன தோன்றியதோ, “ஏறுங்க மாமா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றேன். தன் வண்டியில் தானே பின்னால் உட்கார்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அது வழக்கமாயிற்று. வீட்டில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு வருவார். சாந்தோம் வழியாக அடையாறு பாலம், அங்கிருந்து பெசன்ட் நகர், கடற்கரையை ஒட்டி ஊரூர் குப்பம், திரும்ப மந்தைவெளி. வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். “கண்ணைத் திறந்தா அடையாறு. மூடிண்டா கிள்ளான். நீ சொல்லிண்டே வா” என்பார். நானும் சொல்லிக்கொண்டே போவேன். இப்போது கிள்ளான் ஆற்றுப் பாலம். இடது பக்கம் புடவைக் கடைகள், பூக்கடை. இப்போது துறைமுகத்துக்குப் போகிற ரோடு, லாரிக்கு வழி விடுகிறேன். இங்கே மழை பெய்திருக்கிறது. இது நான் படித்த பள்ளிக்கூடம்.

சொல்லச் சொல்ல எனக்கும் அப்படியே ஆகிவிடும். பெசன்ட் நகர் வீடுகளின் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், என் கண்ணுக்கு அது எங்கள் தாமான் குடியிருப்பில் அம்மா வாசல் கழுவுவதாகத் தெரியும். எனக்கு ஊர் ஏக்கமெல்லாம் கிடையாது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஞாயிறுகளில்தான் அது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன். பின்னால் அவர், “ஏன் பேச்சைக் காணோம்? எங்கே இருக்கோம்?” என்பார்.

குப்பத்தில் நிறுத்துவோம். படகுகள் வந்திருக்கும், வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருப்பார்கள். மாமா மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார், ஆனால் நகர மாட்டார். அங்கே ஒரு மீனவர், என் வயதுக்காரர், நாங்கள் வந்து நின்றதுமே வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். மீன் கூடையைச் சைக்கிளில் கட்டி அடையாறு வரைக்கும் கொண்டுபோய் விற்பவர்.

“இன்னா பெருசு, கண்ண மூடிக்கினே வர்ற? வண்டிலயே தூக்கமா?”

“தூக்கம் இல்லைப்பா. வெளிநாடு போயிட்டு வரேன்.”

“அக்கா, பெருச ஜாக்கிரதையா கூட்டினு போ. இதுக்கு இன்னாவோ ஆயிட்ச்சு” என்று சிரிப்பார். பிறகு பெட்ரோல் டேங்கை ஒருமுறை தடவிவிட்டுப் போவார்.

அங்கேதான் ஒருநாள் மாமா கேட்டார். மணல் ரோடு காலியாகக் கிடந்தது. “அந்த முனை வரைக்கும். ஒரே ஒரு தடவை. ஃபர்ஸ்ட் கியரை விட்டு மாத்தவே மாட்டேன்” என்றார். கையை நீட்டியபடி நின்றார். பட்டறையில் நான் நாள் முழுக்கப் பார்க்கிற கைகள் மாதிரியே இருந்தது. கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் லஸ் முனையில் நின்றுவிட்ட அந்த பஸ் என் கண் முன்னால் வந்தது.

“முடியாது மாமா.”

“என் வண்டிம்மா.”

“அதுக்கு? விழுந்து வைச்சா நான் மாமிக்கு என்ன பதில் சொல்றது?” வழக்கம்போலச் சத்தம் போட்டுவிட்டேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று திரும்பும் வழியில் அவர் கண்ணை மூடவே இல்லை. இனி வர மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு காபிக் கடை வாசலில் ஒன்றுமே நடக்காதது போல நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவருக்காக ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தேன். தலையை இறுக்குகிறது, சத்தம் கேட்கவில்லை என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். விடிகாலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் ஒரு கட்டத்தில் வாதாடுவதை விட்டேன். சிக்னலில் கம்பத்துக்கு மேலே கேமரா இருப்பதை இருவருமே நினைக்கவில்லை.

ஒருநாள் பட்டறையில் இருக்கும்போது மாமியின் போன் வந்தது.

“ஏம்மா, உங்க மலேசியாவுல அடையாறு சிக்னல் இருக்கா?”

என் கையில் இருந்த பீங்கான் கை நழுவப் பார்த்தது.

“இல்லை, கப்பல்தான் அடையாறு சிக்னல்ல நிக்கறதா?”

“மாமி...”

“சாயங்காலம் வாங்கோ. இவர் சங்கத்துல சீட்டாடப் போயிடுவார்.”

திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். மாமி காபி கொடுத்தார். பிறகு மொபைலை என் முன்னால் நீட்டினார். அபராதத்துக்கான குறுஞ்செய்தி, அதோடு படம். முன்னால் நான், ஹெல்மெட்டும் அசட்டுத்தனமும். பின்னால் மாமா, தலையில் ஒன்றுமில்லாமல், ஹெல்மெட்டை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

“கண்ணை மூடிண்டிருக்காரே. மயக்கமா?” என்று கேட்டார் மாமி. திட்டுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

“மயக்கமில்லை மாமி” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தென்னை மரம், செம்பனை மரம், கிள்ளான் ஆற்றுப் பாலம், குப்பத்தில் அவர் கை நீட்டிக் கேட்டது, நான் கத்தியது, எல்லாம். மாமி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நான் படத்துக்கு வெளியே போனேன், வண்டி போனது, சிக்னல் போனது. மாமாவின் முகம் மட்டும் நின்றது. சிரித்துக்கொண்டிருந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்துண்டு போயிருக்கேன்” என்றார் மாமி. “வண்டியில போறச்சே இவர் மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது.

கடைசியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, வழக்கமான குரலுக்கு வந்தார். “ஹெல்மெட் போடச் சொல்லுங்கோ. ஓட்ட மட்டும் விடவே படாது. சத்தியம் பண்ணுங்கோ.” பண்ணினேன். “எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா வர மாட்டார்.” அதற்கும் தலையாட்டினேன். “மொதல்ல பேரை மாத்துங்கோ. இவர் பேர்ல வண்டி ஊர் சுத்திண்டிருந்தா எனக்கு வயத்தைக் கலக்கறது.” அதற்கும்.

ஆக, மாமி நிம்மதியாக இருப்பதாக மாமா நினைத்துக்கொண்டிருந்தார். தன் குட்டு வெளிப்படவில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று மாமி நினைத்தார். நடுவில் நான், இரண்டு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டு. என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மழைக்காலம் போனது. பட்டறை வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்து, ஊர் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. வண்டியை விற்க வேண்டும். இணையத்தில் படம் போட்டேன். பேச்சே இல்லாமல் “கடைசி விலை?” என்று மட்டும் கேட்பவர்கள்தான் முக்கால்வாசி. தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் மரியாதையாகப் பேசினார், ஆனால் அவருக்கு அதே வண்டி ஏற்கெனவே இரண்டு இருந்தன. அசோக் நகரில் காபிக் கடை வைக்கப்போகிறவர் வந்து பார்த்தார். என்ஜினைக் கேட்கவே இல்லை, நீளத்தை மட்டும் டேப்பால் அளந்தார்.

“ஓட்டிப் பாக்கலையா?”

“ஓட்டறதுக்கு இல்லீங்க. சுவத்துல மாட்டப்போறோம். இன்டீரியர்.”

வந்த கோபத்தில் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று வாசல்வரை துரத்திவிட்டேன். மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “சுவத்துலயா? ஓடாமயா?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அவர் கை அந்த ஹாண்டில்பாரைத் தொடாமலே வண்டி போய்விடப்போகிறது. அதைக் கொடுக்க என்னால் முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணயர்ந்தால், வண்டி கப்பல் தளத்தில் தனியாக நிற்பதும், யாரும் உதைக்காமலே ஓடிக்கொண்டிருப்பதும் கனவாக வந்தது.

கடைசியில் வாங்கியது குப்பத்து மீனவர்தான். அவர் பேரம் பேசவே இல்லை. “நா ஓட்டுவேன்க்கா. டெய்லி ஓட்டுவேன். மீன் நாத்தம் அடிக்கும், அவ்ளோதான்” என்றார். பேர் இன்னும் மாமாவின் பேரில்தான் இருந்ததால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு காலை நாங்கள் குப்பத்துக்கே வருவதாக ஏற்பாடு. நானும் மாமாவும் வண்டியில் வந்து இறங்கிய சற்று நேரத்தில், ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினார். கையில் ஒரு துணிப்பை.

மாமா வெலவெலத்துப் போனார். “நீ எங்கேடி இங்கே?”

“ஏன், நீங்க மட்டும்தான் மலேசியா வரணுமா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

மாமி ஈர மணலில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். மாமா அதன் பக்கத்தில் நின்றார், தொடவில்லை. மாமி அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், “இதை நகராம நிறுத்த முடியுமோ?” என்று கேட்டார்.

நான் புரிந்துகொள்வதற்குள் மீனவர் புரிந்துகொண்டார். கெட்டியான சிமென்ட் தரையாகப் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினார். பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. முன்சக்கரத்தைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஏறு பெருசு. எங்கயும் போவாது, நா கீறேன்.”

மாமா ஏறினார். லீவரை இழுத்தார், முள்ளைப் பார்த்தார், உதைத்தார். நான் ஒருநாளும் செய்யாத மாதிரி, ஒரே உதையில் கிளம்பியது. ஃபர்ஸ்ட் கியர் போட்டார். பின்சக்கரம் காற்றில் சுற்ற ஆரம்பித்தது. செகண்ட். தேர்ட். எதிரே கடல். அவர் உடம்பு வளைவில் சாய்வதுபோல இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. இந்தத் தடவை கண் திறந்தே இருந்தது.

திடீரென்று மாமி துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கிப் போனார். இரண்டு பேர் பாரம் ஏறினால் பின்சக்கரம் தரையைத் தொட்டுவிடும் என்று நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் மாமா வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்திருந்தார். மாமி எப்போதும் நியூட்ரலில்தான் ஏறுவாராம், அது கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம். ஒருபக்கமாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமாவின் தோளில் கை வைத்தார். என்ஜின் டும் டும்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன்னா, எங்கே போறோம்?”

“கிள்ளான்.”

“பாஸ்போர்ட் இல்லாமயா?”

மாமா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். மாமி எட்டி, அவர் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, ஓட்டுகிற அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மீனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எதிரில் எதுவுமே தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

இறங்கிய பிறகு மீனவர் தாள்களை நீட்டினார். “சாமி, கையெழுத்து போட்டா நாளைக்கே பேரு மாத்திக்கிறேன்.”

மாமா பேனாவைத் தேடினார். மாமி தாள்களை வாங்கி மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். “வண்டியை ஓட்டிக்கோப்பா. பேருக்கு என்ன அவசரம்? நல்ல நாள் பார்த்துச் சொல்றேன்.”

நான் கிள்ளான் திரும்பி, கப்சாயில் கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தியிருந்தபோது மாமியிடமிருந்து ஒரு படம் வந்தது, அவர் மொபைலுக்கு வந்த இன்னொரு அபராதச் செய்தியோடு. அதே சிக்னல், அதே வண்டி. பின்னால் இரண்டு மீன் கூடை. ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இல்லை, வாய் நிறையச் சிரிப்பு. கீழே மாமியின் குரல் பதிவு.

“இந்தப் பிள்ளை ஃபைனை அவனே கட்டிடறான். ஹெல்மெட் போட்டுக்கோடான்னு திட்டியிருக்கேன். இவர்கிட்ட காட்டினேன். பெரிசு பண்ணி, பெரிசு பண்ணிப் பார்த்துண்டே இருக்கார். வண்டி நன்னா இருக்காம். பேரா? நானும் பஞ்சாங்கம் பார்த்துண்டுதான் இருக்கேன். இன்னும் நல்ல நாளே அமைய மாட்டேங்கறது.”